சபைக்கு நிபந்தனை உண்டு, சாலைக்கு இல்லை

தைப்பூசம் நெருங்கினால் எங்கள் கடலூர்ப் பக்கத்தில் இரண்டு பேச்சுகள் காதில் விழ ஆரம்பித்துவிடும். ஒன்று: "அவரெல்லாம் சன்மார்க்கியே இல்லீங்க. நெத்தி நிறைய திருநீறு பூசிக்கிட்டு, இன்னும் ஒற்றியூர்ப் பாட்டையே பாடிக்கிட்டு இருக்காரு." இன்னொன்று: "எதுக்கு சார் இந்த விவாதமெல்லாம்? எல்லாம் ஒண்ணுதான். வள்ளலார் அன்பைத்தானே சொன்னாரு, விட்டுத் தள்ளுங்க."

முதலாவது பேசுகிறவர் தம்மைக் கொள்கைப் பிடிப்புள்ளவர் என்று நினைத்துக்கொள்கிறார். இரண்டாவது பேசுகிறவர் தம்மைப் பெருந்தன்மை உள்ளவர் என்று நினைத்துக்கொள்கிறார். எனக்கு இருவரோடும் வழக்கு இருக்கிறது. மனசில் வைத்துக்கொண்டு திரிவதைவிட எழுதிவிடுவது மேல் என்று எழுதுகிறேன்.

பத்திரப்பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரத்திலும் உட்கார்ந்து மூலப் பத்திரம், நகல், பிழைத்திருத்தல் பத்திரம், வில்லங்கச் சான்று என்று காலம் ஓடியது. "மூலம் எது?" என்று கேட்பது எனக்குத் தொழில் பழக்கம். அந்தப் பழக்கத்தோடுதான் இந்த விஷயத்தையும் பார்க்கிறேன்.

முதலில் சண்டை எதைப் பற்றியது என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ல் பிறந்தவர் இராமலிங்க அடிகள். சென்னையில் வளர்ந்து, பிறகு நம் பக்கத்துக்கே வந்து கருங்குழியிலும் வடலூரிலும் மேட்டுக்குப்பத்திலும் வாழ்ந்தார். 1865-ல் சங்கம், 1867-ல் தருமச்சாலை, 1872-ல் சத்திய ஞான சபை. 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டார். அவர் பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்தவர் அவருடைய மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார். முதல் நான்கு திருமுறை 1867-ல் அச்சேறின. ஐந்தாவது 1880-ல் வந்தது. ஆறாவது 1885-ல் வந்தது. அதாவது கடைசி இரண்டும் அடிகள் மறைந்த பிறகு வந்தவை.

முதல் ஐந்தில் பெரும்பகுதி சைவ பக்திப் பாடல்கள். ஒற்றியூர், தில்லை, தணிகை என்று தலம் தலமாக உருகியிருப்பார். ஆறாவதில் காற்று வேறு. சாதியும் சமயமும் சாத்திரச் சந்தடியும் அங்கே தள்ளுபடி. அருட்பெருஞ்ஜோதி ஒன்றே பேச்சு. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றியபோது அவர் பேசியதாக வழங்கும் பேருபதேசத்தில், தமக்கு முன்பு சைவத்தில் இருந்த பற்று கொஞ்சநஞ்சமல்ல என்றும், அது அப்போது தமக்கிருந்த சிற்றறிவினால் வந்தது என்றும் சொல்கிறார்.

இதை வைத்து ஒரு சாரார், "ஆறாம் திருமுறைதான் உண்மையான போதனை. மற்றதெல்லாம் அவரே ஏறிவந்த படிகள். படியிலேயே உட்கார்ந்திருப்பவன் சன்மார்க்கி இல்லை" என்கிறார்கள். மறு சாரார், "ஒரே நாவில் வந்த பாடல். பாதியை எடுத்துக்கொண்டு பாதியை வீச நீ யார்?" என்கிறார்கள். இரண்டு கட்சியிலும் நன்றாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் சங்கடமான ஒரு விஷயமும் இருக்கிறது. ஐந்து என்றும் ஆறு என்றும் கோடு போட்டது மாணாக்கர் கை. ஆறாம் திருமுறைக்காரர்கள் தங்கள் பெரிய சான்றாக நீட்டும் பேருபதேசமோ கேட்டவர்கள் எழுதி வைத்தது. அவர்கள் சான்று பலவீனமானது என்று இதற்கு அர்த்தமில்லை. என் கணிப்பில் அவர்கள் பக்கமே எடை அதிகம். ஆனால் எந்தப் பத்திரத்துக்கு எவ்வளவு பலம் என்பதை இரு தரப்பும் ஒத்துக்கொண்டு பேச வேண்டும். அந்த ஒத்துக்கொள்ளல்தான் எங்கேயும் காணோம்.

இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. அடிகள் உயிரோடு இருந்தபோதே வந்தது. வந்த இடமும் நம் மாவட்டம்தான்.

யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் 1864-ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தேவாரமும் திருவாசகமும் சைவத்தின் மூல நூல்கள், பன்னிரு திருமுறை என்பது கட்டி முடிந்த வேலி என்பது அவர் நிலை. உயிரோடிருக்கும் ஒருவர் பாடலுக்கு மாணாக்கர்கள் "திருமுறை" என்றும் "அருட்பா" என்றும் பெயர் வைத்து அச்சிட்டபோது அவருக்குக் கோபம் வந்தது. தேவாரம் பாட வேண்டிய இடத்தில் இதைப் பாடலாமா என்று கேட்டார். மறுப்பு எழுதினார். அதற்கு மறுப்பு, அந்த மறுப்புக்கு மறுப்பு என்று துண்டு நூல்கள் வரிசையாக வந்தன. 1869-ல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது.

நம் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அடிகள் நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் வழக்குப் போட்ட நாவலரே எழுந்து நின்றுவிட்டார், நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார் என்பார்கள். சொல்கிறவர்கள் முகத்தில் அப்படி ஒரு வெற்றிப் பெருமை இருக்கும். ஆனால் கதையைக் கவனித்துக் கேளுங்கள். நாவலர் கேட்ட கேள்விக்கு அதில் பதிலே இல்லை. யார் எழுந்து நின்றார் என்பது ஆளைப் பற்றிய செய்தி. ஒரு புதிய நூல் பழைய நூலின் பெயரைச் சூடிக்கொள்ளலாமா என்பது கருத்தைப் பற்றிய கேள்வி. அது நியாயமான கேள்வி. அருட்பாவை நெஞ்சில் வைத்திருக்கும் நானே சொல்கிறேன், அதைக் கேட்க நாவலருக்கு முழு உரிமை இருந்தது.

கெட்டுப்போனது கேள்வியில் இல்லை, கேட்ட விதத்திலும் பதில் சொன்ன விதத்திலும்தான். அந்தக் காலத்துக் கண்டன நூல்களை ஆராய்ச்சியாளர் ப. சரவணன் தொகுத்திருக்கிறார். புரட்டிப் பாருங்கள். இலக்கணப் பிழை காட்ட ஆரம்பித்தவர்கள் சில பக்கங்களில் ஒழுக்கப் பிழை காட்டப் போய்விடுவார்கள். பிறகு பிறப்பு, பிறகு வசவு. இரண்டு பக்கமும் தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் என்பதால் வசவும் வளமாகத்தான் இருக்கிறது. மூல நூல் எது என்ற கேள்வி எந்தப் பக்கத்தில் காணாமல் போனது என்றே தெரியாது.

அதே நாவலரிடம் இன்னொரு முகம் உண்டு. இன்று அவரை ஏசுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை. இளமையில் அவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிளைத் தமிழாக்க உதவியவர். கிறிஸ்துவத்தைக் கடுமையாக எதிர்த்த மனிதர், அதன் மூல நூல் தமிழில் பிழையில்லாமல் வர உழைத்திருக்கிறார். எதிர்க்கிற நூலை முழுதாகப் படித்து, அது தன் குரலிலேயே ஒழுங்காகப் பேச உதவிவிட்டு, அதன்பிறகு எதிர்ப்பது. இதற்குப் பெயர்தான் சகிப்புத்தன்மை என்றால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

அடுத்த தலைமுறையில் நா. கதிரைவேற் பிள்ளை நாவலர் கட்சியை எடுத்துக்கொண்டார். எதிரே மறைமலை அடிகள் நின்றார். செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவின் பக்கம் வந்தார். ஒரு முஸ்லிம் புலவர் அருட்பாவுக்காக மேடை ஏறி வாதாடியதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. கதிரைவேற் பிள்ளையின் மாணவர் திரு.வி.க. ஆசிரியர் மேல் அவருக்குக் கடைசிவரை பக்தி குறையவில்லை. ஆனால் பின்னாளில் அவரே இராமலிங்க சுவாமிகளின் திருவுள்ளத்தை விளக்கித் தனி நூல் எழுதினார். ஆசிரியரைத் தூக்கி எறியாமல் ஆசிரியரின் கட்சியிலிருந்து விலக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழில் எனக்குத் தெரியாது.

இனி கொஞ்சம் அடையாறு போய் வருவோம். காரணம் இருக்கிறது. திருமுறையை வகுத்த அதே தொழுவூர் வேலாயுத முதலியார், சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர், 1882-ல் பிரம்மஞான சபையாருக்கு ஒரு வாக்குமூலம் கொடுத்தார். ருஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்து இந்தியாவில் சகோதரத்துவத்தைப் போதிப்பார்கள் என்று தம் குருநாதர் முன்பே சொன்னார் என்பது அதன் சாரம். பிளாவட்ஸ்கி அம்மையார் ருஷ்யாவில் பிறந்தவர், கர்னல் ஆல்காட் அமெரிக்கர். பிரம்மஞான சபையார் அந்த வாக்குமூலத்தை மகிழ்ச்சியோடு அச்சிட்டதில் வியப்பில்லை. இன்றும் சிலர் இதைக் காட்டி வள்ளலாரைப் பிரம்மஞான சபையின் முன்னோடி என்கிறார்கள். சன்மார்க்க அன்பர்கள் சிலர் இதைக் கேட்டாலே கொதிக்கிறார்கள்.

இரண்டு பேரும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அது வள்ளலார் கைப்பட எழுதியது அல்ல. எட்டு வருடம் கழித்து ஒரு மாணாக்கர் நினைவிலிருந்து சொன்னது. ஆகவே அதைப் போதனை என்று வைக்க முடியாது. மாணாக்கரின் சாட்சியம் என்று வைக்கலாம். முதலியார் நாணயமானவர் என்பதால் சாட்சியம் மூலப் பத்திரம் ஆகிவிடாது. மூலப் பத்திரம் இல்லை என்பதால் முதலியார் பொய்யர் ஆகிவிடவும் மாட்டார்.

பிரம்மஞான சபையின் கதையைப் பார்த்தால் நம் கதையை வேறு மொழியில் படித்த மாதிரி இருக்கும். 1875-ல் நியூயார்க்கில் ஆரம்பம். 1882 முடிவில் அடையாறுக்கு வந்தார்கள். உண்மையை மிஞ்சிய மதமில்லை என்பது அவர்கள் முழக்கம். இன, மத, பால், சாதி வேறுபாடு பாராத சகோதரத்துவம் முதல் நோக்கம். பிளாவட்ஸ்கி 1888-ல் 'சீக்ரெட் டாக்ட்ரின்' என்ற பெரிய நூலை வெளியிட்டு 1891-ல் காலமானார். அவ்வளவுதான், மாணவர்கள் பிரிய ஆரம்பித்தார்கள். 1893-ல் அன்னி பெசன்ட் அம்மையாரும் மீட் என்பவரும் அந்த நூலைத் திருத்திப் புதுப் பதிப்பு போட்டார்கள். திருத்தியிருக்கிறோம் என்று முன்னுரையில் பொதுவாகச் சொன்னார்கள், எந்த வரியில் என்ன மாற்றினோம் என்று குறிக்கவில்லை. 1895-ல் ஜட்ஜ் தலைமையில் அமெரிக்கக் கிளையில் பெரும்பகுதி தனியே போனது. 1897-ல் மூன்றாம் பாகம் என்று ஒன்று வந்தது. அது அம்மையார் எண்ணிய மூன்றாம் பாகம்தானா என்று இன்னும் கேட்கிறார்கள்.

பெசன்டும் லெட்பீட்டரும் புதிது புதிதாக எழுத எழுத, "பிளாவட்ஸ்கியிடம் திரும்புவோம்" என்ற குரல் பலமானது. 1909-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ராபர்ட் கிராஸ்பி என்பவர் யுனைடெட் லாட்ஜைத் தொடங்கினார். அவர்கள் வழியில் வந்தவர்கள் 1888 பதிப்பை எழுத்துக்கு எழுத்து படமெடுத்து அச்சிட்டார்கள். இன்னொரு பக்கம் அடையாற்றில் கண்டெடுத்த கிருஷ்ணமூர்த்தியை உலக குருவாக ஆக்கப் பார்த்தார்கள். அவரோ 1929-ல் தமக்காக அமைத்த இயக்கத்தைத் தாமே கலைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

இவ்வளவு குழப்பத்துக்கும் நடுவில் அடையாறு செய்த ஒரு காரியத்தை நான் மதிக்கிறேன். 1924 டிசம்பரில் அவர்கள் பொதுக்குழு சிந்தனைச் சுதந்திரம் பற்றி ஒரு தீர்மானம் போட்டது. பிளாவட்ஸ்கி முதற்கொண்டு எந்த ஆசிரியருக்கும் தம் கருத்தை உறுப்பினர் மேல் திணிக்கும் அதிகாரம் இல்லை, சபையின் நோக்கங்களை ஏற்பதே உறுப்பினராகப் போதும் என்பது அதன் சாரம். பிறகு 1970களின் கடைசியில், போரிஸ் டி ஸிர்காஃப் 1888 மூலத்தைப் பின்பற்றித் தயாரித்த பதிப்பை அடையாறு பதிப்பகமே வெளியிட்டது. மூலத்தைத் திருத்திய குற்றச்சாட்டு எந்த வீட்டின் மேல் இருந்ததோ, அந்த வீடே மூலத்தை எடுத்து வைத்தது. அதற்குத் தொண்ணூறு வருடம் ஆனது. மூலம் வேண்டும் என்று விடாமல் கேட்டவர்கள் இல்லாவிட்டால் அது நடந்தேயிருக்காது. அந்தத் தொல்லைக்காரர்களைச் சகித்துக்கொள்ளாமல் வெளியே தள்ளியிருந்தாலும் நடந்திருக்காது.

இங்கேதான் "எல்லாம் ஒண்ணுதான்" நண்பரோடு என் வழக்கு வருகிறது.

ஐயா, எல்லாம் ஒன்று என்று நீங்கள் சொல்வது மற்றவர் கருத்தை மதிப்பது போல இருக்கிறது. உண்மையில் ஒருவர் கருத்தையும் நீங்கள் காதில் வாங்கவில்லை. சத்திய ஞான சபையில் எப்படி வழிபட வேண்டும் என்று 1872-லேயே வள்ளலார் எழுதிக் கொடுத்துவிட்டார். விளக்கேற்றுகிறவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவராகவோ எழுபத்திரண்டுக்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும் என்கிற அளவுக்கு நுணுக்கமாக எழுதினார். பிற்காலத்தில் அதே சபைக்குள் லிங்க வழிபாடும் சடங்குகளும் வந்தன. அன்றும் பலர் உங்களைப் போலத்தான் சொல்லியிருப்பார்கள்: சாமி கும்பிடுவதில் என்ன தப்பு, விடுங்கள். விடாத சிலர் இருந்தார்கள். வள்ளலார் எழுதிய விதியைக் கையில் வைத்துக்கொண்டு முறையிட்டார்கள். 2006-ல் அறநிலையத் துறை, ஜோதி வழிபாடு தவிர மற்றது கூடாது என்று உத்தரவிட்டது. 2010-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதி செய்தது. மூலத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதே சகிப்பின்மை என்றால் இந்த விதி காகிதத்திலேயே செத்திருக்கும்.

இன்னொன்று. 2023 ஜூனில் வடலூரில் நடந்த விழாவில் ஆளுநர் ஆர்.என். ரவி வள்ளலாரைச் சனாதன தர்மத்தின் உச்ச நட்சத்திரம் என்றார். எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்களில் சிலர் மறுபக்கம் ஓடி, அவரைக் கிட்டத்தட்ட கடவுள் இல்லை என்றவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஆறாம் திருமுறையில் வருணம், ஆசிரமம், சாதி ஆசாரம் எல்லாவற்றையும் தள்ளுகிறவரை எப்படி முதல் பெயரால் அழைப்பது? பாட்டுக்குப் பாட்டு அருட்பெருஞ்ஜோதி ஆண்டவரைக் கூப்பிடுகிறவரை எப்படி இரண்டாவதில் அடைப்பது? இரண்டையும் மறுக்க ஒரு மணி நேரம் நூலைப் படித்தால் போதும். "எல்லாம் ஒண்ணுதான்" என்கிறவரால் இரண்டையுமே மறுக்க முடியாது. நாளைக்கு யார் வந்து என்ன வர்ணம் பூசினாலும் அவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். வாட்ஸ்அப்பில் வள்ளலார் சொன்னதாகத் தினம் ஒரு பொன்மொழி சுற்றுகிறது. ஒரு கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து "இது எந்த நூலில் இருக்கிறது?" என்று கேட்டார். "தம்பி, சகிப்புத்தன்மை வேணும்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். சகிப்புத்தன்மை வேண்டியிருந்தது மேடைக்கு. அந்தப் பையனுக்கு அல்ல.

சரி, அப்படியானால் கொள்கைக்காரர் பக்கம் நான் என்று நினைக்க வேண்டாம். அவரோடு என் வழக்கு இன்னும் பெரிது.

திருப்பாப்புலியூரில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாசிப்பு வட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊரும் பெயரும் தெரியாத வட்டமாகவே இருக்கட்டும். அங்கே எண்பது வயதை நெருங்கிய தமிழாசிரியர் ஒருவர் வருவார். நெற்றியில் திருநீறு. பார்வை மங்கிவிட்டதால் பாடல்கள் எல்லாம் மனப்பாடம். ஒரு நாள் அவர் முதல் திருமுறையிலிருந்து ஒரு பதிகத்தை எடுத்தார். இரண்டாவது பாட்டிலேயே ஒருவர் குறுக்கிட்டு, "ஐயா, இங்க அது வேண்டாம். முதல்ல நெத்தியை அழிச்சிட்டு வாங்க" என்றார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. "அவரைப் பாட விடுங்க. அப்புறம் அது போதனையா இல்லையான்னு பேசலாம்" என்று நான் சொன்னதற்கு, "சார், இது கொள்கை விஷயம்" என்று பதில் வந்தது. மதியம் சாப்பாட்டுப் பந்தியில் அவர் பக்கத்து இலையில் யாரும் உட்காரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். அடுத்த மாதத்திலிருந்து அவர் வரவில்லை, நானும் போகவில்லை.

பந்தியில் இலையை விலக்கிப் போடுவது எந்தப் பழக்கத்தின் மிச்சம் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சாதியை ஒழிக்கச் சொன்னவரின் பெயரால் புதிய சாதி ஒன்று உண்டாகிறது: ஆறாம் திருமுறை சாதி, ஐந்தாம் திருமுறை சாதி.

வள்ளலார் கொள்கையில் நெகிழ்ந்துகொடுத்தவர் என்று நான் சொல்லவில்லை. கொலை புலை தவிர்த்தோர் மட்டுமே உள்ளே வரலாம் என்பது சபையின் நிபந்தனை. வாசலிலேயே எழுதியிருக்கிறது. புலால் உண்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் வெளியில் நின்றுதான் கும்பிட வேண்டும். அங்கே "எல்லாம் ஒண்ணுதான்" செல்லாது.

ஆனால் சபையிலிருந்து நடக்கும் தூரத்தில் தருமச்சாலை இருக்கிறது. 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே நிபந்தனைப் பலகை கிடையாது. பசித்தவர் எந்தத் தேசம், எந்தச் சமயம், எந்தச் சாதி, எப்படிப்பட்ட நடத்தை உள்ளவர் என்று விசாரிக்காமல் சோறு போட வேண்டும் என்று ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். நேற்று ஆட்டுக்கறி தின்றவனுக்கும் அங்கே இலை உண்டு. அவரைத் திட்டி நூல் எழுதியவர் பசியோடு வந்திருந்தாலும் இலை போட்டிருப்பார்கள்.

இரண்டு கட்டடத்தையும் ஒரே மனிதர்தான் கட்டினார். சபைக்கு நிபந்தனை வைத்தார். சாலைக்கு வைக்கவில்லை. போதனை என்ன, வழிபாடு என்ன என்று வரும்போது கறாராக இரு. எதிரே உட்கார்ந்திருப்பவன் மனிதன் என்று வரும்போது எதையும் கேட்காதே. எனக்குப் புரிந்த சன்மார்க்கம் இதுதான். "எல்லாம் ஒண்ணுதான்" நண்பர் சபையின் பலகையைக் கழற்றப் பார்க்கிறார். கொள்கைக்கார நண்பர் அதே பலகையைக் கொண்டுபோய்ச் சாலையில் மாட்டப் பார்க்கிறார். இரண்டாவதுதான் அதிகக் கேடு. பலகையைக் கழற்றினால் நூலைப் பார்த்துத் திரும்ப எழுதி மாட்டிவிடலாம். எழுந்துபோன பெரியவரைத் திரும்பக் கூப்பிட முடியவில்லையே.

ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். "இப்படிக் கண்டவரையும் சேர்த்துக்கொண்டால் போதனை நீர்த்துப்போகாதா சார்? கட்டுப்பாடு இல்லாமல் மூலம் எப்படிப் பிழைக்கும்?"

மூலம் எப்படிப் பிழைத்தது என்று வரலாற்றையே பாருங்கள். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை இருபத்தேழு வருடம் கையெழுத்துப் பிரதிகளைத் தேடித் தேடி ஒப்பிட்டுப் பன்னிரண்டு பகுதிகளாக வெளியிட்டார். ஊரன் அடிகள் 1972-ல் தம் பதிப்பைக் கொண்டுவந்தார். ஆறாம் திருமுறைக்காரர் இன்று மேற்கோள் காட்டும் வரிகளும், ஒற்றியூர்ப் பாட்டுக்காரர் மனப்பாடமாகச் சொல்லும் வரிகளும் இவர்கள் உழைப்பால் சுத்தமாக நம் கைக்கு வந்தவை. ஒருவரையும் பந்தியிலிருந்து எழுப்பி மூலத்தைக் காத்ததாக எங்கும் இல்லை. ஒப்பிட்டு, அச்சிட்டு, எல்லார் கையிலும் கொடுத்துத்தான் காத்திருக்கிறார்கள்.

பதிவு அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருப்பது குற்றமல்ல. ஆனால் ஒவ்வொரு அடித்தலுக்கும் திருத்தலுக்கும் பக்கத்தில் எழுதிக்கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இதையே இங்கே கொண்டுவாருங்கள் என்கிறேன். அடிகள் கைப்பட எழுதியது ஒரு வரிசை. அவர் காலத்தில் அச்சானது ஒரு வரிசை. கேட்டவர் எழுதியது ஒரு வரிசை. பிற்காலத்தவர் நினைவிலிருந்து சொன்னது கடைசி வரிசை. மேடையில் எதைச் சொன்னாலும் எந்த வரிசையிலிருந்து சொல்கிறோம் என்று சேர்த்துச் சொன்னால் போதும், பாதிச் சண்டை அன்றைக்கே அடங்கிவிடும். மீதிச் சண்டை அடங்க வேண்டியதில்லை. அது நடக்கட்டும். நாவலர் இன்று வந்து திருமுறை என்ற பெயர் தகுமா என்று கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து பேசுவோம்.

பேசி முடித்ததும் சாப்பாட்டுக்குப் போவோம். பக்கத்து இலையில் யார் உட்கார்ந்தாலும் சரி, உட்கார்ந்தவர் நெற்றியைப் பார்க்காமல் பரிமாறத் தெரிந்த சங்கம் எதுவோ அங்கே வந்து வாசிக்க நான் தயார். அந்தத் தமிழாசிரியர் இன்னும் கடலூரில்தான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, குரல் நன்றாகவே இருக்கிறது. அவரையும் கூட்டி வருகிறேன்.